சப்வூஃபருக்குக் குளிரக் கூடாது

ஜனவரி 12, கராசெங்கிர் நகரம், வடக்குக் கசகஸ்தான். காலை எட்டு மணிக்கு வெப்பநிலை மைனஸ் 37 டிகிரி.

நாகரிகத்தின் உச்சம் எது என்று உலகம் வெகுகாலமாக விவாதித்து வருகிறது. எழுத்து என்கிறார்கள் சிலர். சக்கரம் என்கிறார்கள் சிலர். கழிவுநீர்க் குழாய் என்று சொல்லும் ரசனை கெட்டவர்களும் உண்டு. கராசெங்கிர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. சக்கரத்தின் மேல் ஏறிய சப்வூஃபர்தான் நாகரிகத்தின் உச்சம். அதை ஒரு நகர அலுவலகமே சொந்தமாக வைத்திருப்பது உச்சத்தின் மேல் வைத்த தொப்பி.

போன இலையுதிர் காலத்தில் மூன்றாம் குடியிருப்பின் வெந்நீர்க் குழாய்கள் கசிய ஆரம்பித்தன. மக்கள் சோர்ந்துபோனார்கள். பழைய காலத்துத் தலைவராக இருந்தால் குழாயைச் சரிசெய்து தொலைத்திருப்பார். எங்கள் அகிம், அதாவது நகரத் தலைவர், துலேபெர்கென் அகா (அகா என்றால் அண்ணன், மரியாதைக்குச் சொல்வது) அப்படிப்பட்டவர் அல்ல. "குழாயைச் சரிபண்ணினா ஒரு தெரு சூடாகும். மனசைச் சரிபண்ணினா ஊரே சூடாகும்" என்றார். அந்த வாக்கியத்தை எங்கள் நகரச் செய்தித்தாளில் நானே தடித்த எழுத்தில் போட்டேன். அடுத்த மாதம் ஒரு வெள்ளைக் கார் வந்தது. பக்கவாட்டில் 'நடமாடும் உற்சாகம்' என்று எழுதியிருந்தது. டிக்கியில் ஆட்டுக்கிடா ஒன்று படுத்துறங்கும் அளவுக்கு ஒரு சப்வூஃபர் இருந்தது.

அது தெருவுக்குள் நுழைந்து முழங்கினால் அலமாரியில் கிண்ணங்கள் நடுங்கும். நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மக்கள் ஜன்னலைத் திறந்து கத்துவார்கள். கத்தியவர்களின் எண்ணிக்கையை அலுவலகம் 'மக்கள் பங்கேற்பு' என்ற தலைப்பில் மாகாணத்துக்கு அனுப்பியது.

ஜனவரி 12 அன்று ஊரில் இரண்டு விபத்துகள் நடந்தன. ஒன்று, மூன்றாம் குடியிருப்பின் குழாய் கசிவதை நிறுத்திவிட்டு ஒரேயடியாக வெடித்தது. இரண்டு, சப்வூஃபருக்குத் தொண்டை கட்டியது. அலுவலகத்தில் ஆள் குறைவு. ஆகவே பெரிய விபத்தை முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

அவசரக் கூட்டம் ஒன்பது மணிக்குக் கூடியது; செய்தி எழுத நானும் போயிருந்தேன். நடுவில் அகிம். அவர் வலப்பக்கம் பண்பாட்டுப் பிரிவுத் தலைவர் பெய்சென். அகிம் தலையசைப்பதற்கு ஒரு நொடி முன்பே தலையசைக்கும் திறமை படைத்தவர். எதிரே எல்தோஸ், அந்தக் காரின் ஓட்டுநர். எல்தோஸ் சாதாரண ஓட்டுநர் இல்லை. கார் ஒலிப்பெட்டிப் போட்டியில் மாகாண அளவில் கோப்பை வாங்கியவன். அவன் வைத்த சத்தத்தில் அவன் காரின் முன்கண்ணாடியே வெடித்ததற்காகக் கொடுத்த கோப்பை அது. வெடித்த கண்ணாடியின் துண்டு ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டி, எதிரே வருபவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருப்பான்.

"என்னடா ஆச்சு அதுக்கு?" என்றார் அகிம்.

"வெறச்சுப் போச்சு அகா."

"வெறைக்கிறதுக்கு அது என்ன மனுஷனா? பொட்டிதானே?"

"பொட்டிதான். ஆனா உள்ள ஒரு கூம்பு இருக்கு, அதைச் சுத்தி ரப்பர் விளிம்பு. அது முன்னும் பின்னும் போய் வந்தாத்தான் அந்த 'தும்'முனு சத்தம் வரும். இந்தக் குளிர்ல ரப்பர் கட்டை மாதிரி ஆயிடுச்சு. கட்டையை ஆட்டச் சொன்னா அது இருமத்தான் செய்யும். இன்னும் கூட்டி வச்சா கிழிஞ்சுபோயிடும்."

"நேத்து நல்லாத்தானேடா பாடுச்சு?"

"நேத்து மைனஸ் இருபதுதானே. இருபதுல கரகரக்கும். முப்பத்தேழுல குரலே போயிடும். பேட்டரியும் பாதி செத்துக் கிடக்கு."

பெய்சென் குரலைத் தாழ்த்தினார். "அகா, இதுல நாசவேலை ஏதாவது..."

"யாரு செஞ்சது?"

"குளிர்தான்."

"குளிர் எங்கேருந்து வருது?"

"சைபீரியாவுலேருந்து."

'நம் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

எல்தோஸ் சட்டைக்குள்ளிருந்து கையேட்டை எடுத்தான். அதை அவன் நெஞ்சோடு வைத்துச் சூடாகவே பாதுகாத்து வந்தான். "இதோ பாருங்க. வச்சிருக்க வேண்டிய வெப்பம் பதினெட்டு டிகிரி. அஞ்சு டிகிரிக்குக் கீழ ஓட்டினா உத்தரவாதம் ரத்து."

'உத்தரவாதம்' என்ற சொல் காதில் விழுந்ததும் அகிம் எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அக்லிமா அபாய் உள்ளே வந்தார். மூன்றாம் குடியிருப்பில் இருக்கும் 'ஒட்டகக்குட்டி' மழலையர் பள்ளியின் தலைவி அவர்; அபாய் என்றால் அக்கா. காலில் கம்பளிக் காலணி, தலையில் சால்வை, இமைகளில் வெள்ளையாகப் பனி. நாங்கள் எல்லோரும் நிற்பதைப் பார்த்துத் தனக்காகத்தான் நிற்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு கணம் முகம் மலர்ந்தது.

"துலேபெர்கென் அகா, குழாய் வெடிச்சிடுச்சு. பள்ளிக்குள்ள ஆறு டிகிரி. நாப்பது பிள்ளைங்க கோட்டு, தொப்பியோட உக்காந்திருக்கு. கிடங்குல ரெண்டு சூட்டுப் பீரங்கி கிடக்குன்னு எனக்குத் தெரியும். அதைக் குடுங்க."

பீரங்கி என்று எங்கள் ஊரில் சொல்வது பெரிய ஹீட்டரை. பீரங்கி போலக் குழாய் வடிவில் இருக்கும். வாய் வழியாகச் சூட்டுக் காற்றை ஊதும். ஊருக்கு அவசரகாலச் சொத்தாக இருந்தவை அந்த இரண்டுதான்.

"பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்களேன் அபாய்," என்றார் பெய்சென்.

"வீடும் அதே குழாய்லதானே இருக்கு? அப்பன் ஆத்தா வேலைக்குப் போயாச்சு. எந்த வீட்டுக்கு அனுப்ப, உங்க வீட்டுக்கா?"

"கோச்சுக்காதீங்க. இங்க ஏற்கனவே ஒரு அவசரம் ஓடிக்கிட்டிருக்கு."

"என்ன அவசரம்?"

"சப்வூஃபர்."

"அதுக்கு என்ன?"

"குளிருது."

அக்லிமா அபாய் சால்வையை அவிழ்த்தார். நிதானமாகத்தான் அவிழ்த்தார். "மழலையர் பள்ளியில இருபது டிகிரிக்குக் குறையக் கூடாதுன்னு விதிமுறையே இருக்கு அகா. உங்க கையெழுத்துப் போட்ட தாள் எங்க செவுத்துல தொங்குது."

அகிம் கோபப்படவில்லை. கோபப்படுவது அவர் பழக்கமும் அல்ல. ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல விளக்கினார். "விதிமுறை இருக்கு அபாய். யாரு இல்லன்னாங்க? ஆனா அது விதிமுறை, இது உத்தரவாதம். விதிமுறையை மீறினா என்ன ஆகும்? எழுதினவங்களும் நாமதான், மீறுறவங்களும் நாமதான். ஒண்ணும் ஆகாது. உத்தரவாதத்தை மீறினா கம்பெனிக்காரன் வேற பெட்டி தரமாட்டான். அதுவும் போக, இது கையேட்டோட வந்திருக்கு. எத்தனை டிகிரின்னு அச்சடிச்சே குடுத்திருக்கான். பிள்ளைங்களோட அப்படி ஏதாவது கையேடு வந்துச்சா? வந்திருந்தா கொண்டாங்க, நானே உக்காந்து படிக்கிறேன்."

"ஒரு பீரங்கியாவது குடுங்க."

"ஒண்ணு ஓடுறப்ப இன்னொண்ணு ஓய்வெடுக்கணுமே," என்றார் பெய்சென் கவலையோடு.

அக்லிமா அபாய் சால்வையைக் கட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் நடந்ததை ஊர் என்றும் நினைவில் வைத்திருக்கும். பத்தரை மணிக்கு 'தாழ்தொனிப் பாதுகாப்புத் தலைமையகம்' உருவாக்கப்பட்டது. வைப்பதற்கு இடம் தேடினார்கள். அகிமின் அறையில் இருபத்திரண்டு டிகிரி. கையேட்டை விட நான்கு அதிகம், ஆகாது என்று தள்ளினார்கள். அலுவலகத்தின் பெரிய கூடத்தில் பதிமூன்று டிகிரி, ஐந்து குறைவு. இரண்டு பீரங்கிகளையும் கூடத்தில் வைத்தால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

நான்கு அதிகாரிகள் சப்வூஃபரைத் தோளில் தூக்கி வந்தார்கள். நேராகக் கூடத்துக்குள் கொண்டுபோகப் போனவர்களை அகிம் வாசலிலேயே தடுத்தார். அவருடைய அப்பா பந்தயக் குதிரை பழக்கியவர்.

"ஓடி வந்த குதிரையை நேரா சூட்டுல கொண்டுபோய்க் கட்டுவாங்களாடா? நடையில நிறுத்து. போர்வை போடு. மெல்ல மெல்ல உள்ள விடு."

"அகா சொல்றது சரிதான்," என்றான் எல்தோஸ் வியப்போடு. "சட்டுனு சூட்டுக்குக் கொண்டுவந்தா இதுக்கு வேர்க்கும். உள்ள தண்ணி கோத்துக்கும்."

குதிரைக்குப் போர்த்தும் கம்பளி ஒன்று வரவழைக்கப்பட்டது. மதியம் வரை சப்வூஃபர் நடையில் போர்வைக்குள் நின்றது. யாரும் அதற்குத் தண்ணீர் காட்டவில்லை என்பது ஒன்றுதான் குறை.

பிறகு கூடத்தில் எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. கதவோரம் காற்றடிக்கும். ஜன்னலோரம் குளிரும். எஞ்சியிருந்தது தோர் மட்டும்தான்: வாசலுக்கு நேர் எதிரே, கம்பளம் விரித்த மரியாதை இடம். சம்பந்தி வந்தால், ஊர்ப் பெரியவர் வந்தால் அங்கேதான் உட்கார வைப்போம். சப்வூஃபரை அங்கே இறக்கி வைத்தார்கள். கை பழக்கத்தில் பெய்சென் அதன் முதுகுக்கு ஒரு திண்டையும் அணைத்து வைத்தார்.

அகிமுக்குக் கண் கலங்கிவிட்டது. இரு உள்ளங்கைகளையும் விரித்து ஆசி சொன்னார். "உன் குரல் ஓயாம இருக்கட்டும். உன் விளிம்பு கிழியாம இருக்கட்டும். உன்னைக் கேட்டவங்க காது குளிரட்டும்." எல்லோரும் வழக்கப்படி உள்ளங்கையால் முகத்தைத் தடவி முடித்தோம். அவர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோ தம்பி. ஊர் சனம் எல்லாரும் வந்து பார்க்கலாம். குளிர் விடுற வரைக்கும் எங்க கதவு திறந்தே இருக்கும்."

எழுதினேன். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. வெடித்த குழாய் நான்காம் பக்கத்தில், குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழே வந்தது.

அன்று காலை எட்டரைக்கு அலுவலக வாசலில் ஒரு கயிறு வந்து நின்றது. கயிற்றின் ஒரு முனையை அக்லிமா அபாய் பிடித்திருந்தார். கயிறு நெடுக முகம் தெரியாமல் சால்வை சுற்றிய சின்னச் சின்ன மூட்டைகள். ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கண்கள்.

பெய்சென் ஓடி வந்தார். "என்ன அபாய் இது?"

"பார்க்க வந்திருக்கோம்."

"எதை?"

"புதுசா வந்தவரை. பேப்பர்ல போட்டிருக்கே." கையிலிருந்த தட்டின் மேலிருந்த துணியை விலக்கிக் காட்டினார். பொரித்த பவுர்சாக் உருண்டைகள். மேலே மடித்த வெள்ளைத் துண்டு. "வெறுங்கையோட வரல. பார்க்கிறதுக்கு உண்டான கோரிம்திக் இது."

இங்கே பெய்சென் மாட்டிக்கொண்டார். புதுப் பெண், புதுக் குழந்தை, புது வீடு, புதுக் கார் எதுவானாலும் எங்களிடம் கோரிம்திக் கொண்டுவந்து பார்க்க வந்தவரை வாசலில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த வீட்டுக்கு எவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். பெய்செனுக்குக் கல்யாணமாகாத மகன்கள் இரண்டு பேர். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

மூட்டைகள் கூடத்துக்குள் நுழைந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சால்வை, தொப்பி, கோட்டு, இன்னொரு கோட்டு. உள்ளேயிருந்து பிள்ளைகள் வெளிப்பட்டார்கள். சிலர் தங்கள் கையை முதல் முறை பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அக்லிமா அபாய் வெள்ளைத் துண்டைச் சப்வூஃபரின் மேல் கட்டினார். பிள்ளைகள் அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமி கேட்டாள்: "அபாய், இவரு யாரு?"

"விருந்தாளி."

"ஏன் பேசவே மாட்டேங்கிறாரு?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

"எங்க தம்பிக்கும்தான். அவனுக்கு மூச்சு விசிலடிக்குது. அவனையும் இங்க படுக்க வைக்கலாமா?"

தம்பிகள் தலைமையகத்தின் பொறுப்பில் வரவில்லை.

பார்க்க வந்தவருக்குத் தேநீர் தராமல் அனுப்ப முடியாது. பால் கலந்த தேநீர் நாற்பது கிண்ணங்களில் வந்தது. விருந்தாளியிடம் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்கவும் முடியாது. பிள்ளைகள் குடித்தார்கள், தின்றார்கள், மதியம் தோரைச் சுற்றிப் படுத்துத் தூங்கினார்கள். வெப்பமானியைக் கவனிக்க நியமிக்கப்பட்ட அதிகாரி கூடத்தில் பத்தொன்பது டிகிரி ஆகிவிட்டதாக அறிவித்தார். ஒரு டிகிரி அதிகம். பிள்ளைகளின் உடம்புச் சூடு என்று கண்டறியப்பட்டது. ஒரு பீரங்கியைச் சற்றுக் குறைத்தார்கள்.

மறுநாள் எட்டரைக்கு அதே கயிறு.

"நேத்துதான் பார்த்தாச்சே அபாய்?"

"முன்பக்கம் பார்த்தாங்க. அதுவும் பாதிப் பேரு தூங்கிட்டாங்க. இன்னைக்குப் பின்பக்கம்."

"பின்பக்கத்துல என்ன இருக்கு?"

"வயரு. பிள்ளைங்க படிக்கட்டும்."

அடுத்த நாளும் வந்தார்கள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்றார் பெய்சென்.

"எல்லாப் பக்கமும் ஆச்சு. ஆனா குரலைக் கேக்கலையே? பாடகர் இருக்கிற வீட்டுக்கு வந்துட்டுப் பாட்டுக் கேக்காம போனா அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆகாதா?"

"இப்போதைக்குப் பாட முடியாதே. ஓய்வுல இருக்கு."

"அவசரமே இல்ல. இருந்து கேட்டுட்டே போறோம்."

அன்று மாலை அகிமும் பெய்செனும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். கதவு மெல்லியது.

"இவங்களை எப்படிடா அனுப்பறது?"

"சப்வூஃபரை அனுப்பிட்டா இவங்க வரமாட்டாங்க அகா."

"சப்வூஃபரை எங்கடா அனுப்புவ?"

"காருக்கே."

"காருக்குள்ள எத்தனை டிகிரி?"

அகிமின் பெருமூச்சு மட்டும் கேட்டது. "குளிர் விடுற வரைக்கும் கதவு திறந்திருக்கும்னு எந்த மடையன்டா சொன்னான்?"

"நீங்கதான் அகா. முதல் பக்கத்துல இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு தொலைபேசி. மூன்றாம் குடியிருப்பில் வெப்பமில்லை என்று யாரோ புகார் எழுதிவிட்டார்களாம்; மாகாணத் துணைத் தலைவர் நேரில் ஆராய வருகிறார். அலுவலகத்தில் நாற்காலிகள் தாமாகவே ஓடின. குழாயைக் காட்ட முடியாது, அது வெடித்திருந்தது. பள்ளியைக் காட்ட முடியாது. அது காலியாக இருந்தது. துணைத் தலைவரோ நேராகக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். அங்கே நாற்பது பிள்ளைகள் கோட்டில்லாமல், கன்னம் சிவந்து, ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பவுர்சாக் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்றார் துணைத் தலைவர்.

மகத்தான தலைவர்கள் இப்படிப்பட்ட நொடியில்தான் பிறக்கிறார்கள். அகிம் கண்ணிமைக்கவில்லை. "'சூடான தொனி' திட்டம் ஐயா. மழலையர் வளர்ப்புல புது முறை. பதினெட்டு டிகிரி வெப்பம், தாழ்ந்த தொனி, சூடான தேநீர். மூணும் சேர்ந்தா பிள்ளைங்களுக்குச் சளியே பிடிக்காது. நாங்களே கண்டுபிடிச்சது."

"அப்படியா அபாய்?" என்று துணைத் தலைவர் அக்லிமா அபாயைக் கேட்டார்.

"பதினெட்டு டிகிரிங்கிறது உண்மை," என்றார் அவர்.

"அற்புதம். மாகாணம் முழுக்கப் பரப்பணும்." துணைத் தலைவரின் உதவியாளர் எழுதிக்கொண்டார்.

"அந்தக் குழாய் விஷயம்?" என்று உதவியாளர் மெல்லக் கேட்டார்.

"அது இரண்டாம் கட்டம்," என்றார் பெய்சென்.

துணைத் தலைவர் பெட்டியின் மேல் கட்டியிருந்த வெள்ளைத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். "சரி, பாடச் சொல்லுங்க. கேப்போம்."

எல்தோஸ் அகிமின் காதருகே குனிந்தான். "நாலு நாளா சும்மா இருந்திருக்கு அகா. சின்னச் சத்தத்துல ஆரம்பிச்சுத்தான் மெல்ல ஏத்தணும்."

"மாகாணத்துலேருந்து வந்தவருக்குச் சின்னச் சத்தமாடா?"

எல்தோஸும் கலைஞன்தானே. முழுதாகத் திருகினான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அன்று அது பாடியதுபோல என்றும் பாடியதில்லை. சூட்டில் இளகிய ரப்பர் பட்டுப்போல அசைந்தது. ஒவ்வொரு அடியும் தரை வழியாக ஏறி முழங்காலுக்கு வந்தது. பிள்ளைகள் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். மஞ்சள் சட்டைச் சிறுமி, "தொண்டை சரியாயிடுச்சு! தொண்டை சரியாயிடுச்சு!" என்று குதித்தாள். துணைத் தலைவர் தொப்பி ஆடும்படி தலையை ஆட்டினார்.

கூடத்தின் பெரிய ஜன்னலுக்கு உள்பக்கம் பீரங்கி ஊதிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் மைனஸ் முப்பத்தைந்து. நடுவில் ஒரு கண்ணாடி. அது ஏழாவது அடியைத் தாங்கவில்லை.

வெடித்த இடத்தில் வெள்ளைப் புகைபோலக் குளிர் உள்ளே விழுந்தது.

அவசர காலத்தில் ஓர் அலுவலகம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணத்தை நான் கண்டதில்லை. "முதல்ல அதைத் தூக்குங்கடா!" என்றார் அகிம். எதை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெய்சென் குதிரைப் போர்வையை எறிந்தார். நான்கு அதிகாரிகள் தூக்கினார்கள். துணைத் தலைவரே கதவைப் பிடித்தார். மூச்சு விடும் நேரத்துக்குள் சப்வூஃபர் அகிமின் அறைக்குள் இருந்தது. கதவிடுக்கில் கம்பளமும் செருகப்பட்டது. உடையில் ஒரு நூல்கூடக் கலையாமல் அதிகாரிகள் எல்லோரும் அதோடு உள்ளே போய்விட்டார்கள். சப்வூஃபருக்கு ஒரு கீறலும் இல்லை.

கூடத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். அக்லிமா அபாய் ஏற்கனவே சின்னவர்களுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். "பெரியவங்க சின்னவங்களுக்குப் பொத்தான் போடுங்க. அழறவங்க அழுதுக்கிட்டே போட்டுக்கோங்க. கண்ணாடிப் பக்கம் யாரும் போகக் கூடாது." எல்தோஸ் உடைந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். கையில் சாவிக்கொத்து, அதில் பழைய கண்ணாடித் துண்டு.

"எல்தோஸ்!"

"அபாய்?"

"உன் கார் டிக்கி இப்ப காலிதானே?"

"காலிதான்."

"பீரங்கி ரெண்டும் அதுல கொள்ளுமா?"

அவன் பீரங்கிகளைப் பார்த்தான். சாத்திய கதவைப் பார்த்தான். மஞ்சள் சட்டைச் சிறுமியைப் பார்த்தான். அவள் தோர் இருந்த இடத்தில் நின்று, "விருந்தாளி எங்க போனாரு? அவருக்குக் குளிருமே" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"அளவெடுத்த மாதிரி கொள்ளும் அபாய்," என்றான்.

பத்திரிகையாளன் நடுநிலை தவறக் கூடாது. ஆகவே நான் பீரங்கியைத் தூக்கவில்லை. கதவை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

'நடமாடும் உற்சாகம்' அன்று மதியம் மூன்றாம் குடியிருப்புக்கு எந்தச் சத்தமும் இல்லாமல் போனது; பின்னாலேயே கயிறும் நடந்தது. மாலைக்குள் 'ஒட்டகக்குட்டி'யில் பதினேழு டிகிரி.

திங்கட்கிழமை காலை பெய்சென் அங்கே வந்தார். 'சூடான தொனி' பற்றிய சிறப்புக் கட்டுரைக்காக நானும் அங்கேதான் இருந்தேன். பிள்ளைகள் கோட்டில்லாமல் களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பீரங்கியைத் திருப்பிக் குடுங்க அபாய்."

"எதுக்கு? உங்க சப்வூஃபர்தான் அகிமோட அறையில இருக்கே. அங்க இருபத்திரண்டு டிகிரி."

"இருக்கலாம். ஆனா ஒதுக்கீடு சப்வூஃபர் பேர்ல இருக்கு. அது பயன்படுத்தலைன்னாலும் அதோடதுதான்."

"பிள்ளைங்க பேர்ல ஒதுக்க என்ன வேணும்?"

"அகா அன்னைக்கே சொன்னாரே. கையேடு."

"எழுதிக்கோ," என்றார் அக்லிமா அபாய்.

பெய்சென் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தார்.

"பொருள்: பிள்ளை. வயசு மூணுலேருந்து ஆறு. வச்சிருக்க வேண்டிய வெப்பம் இருபது டிகிரி. ஈரம் படக் கூடாது. வெறைச்சுப் போச்சுன்னா உடனே சத்தம் போடச் சொல்லி உலுக்கக் கூடாது. ராத்திரியில மூச்சு விசிலடிச்சா உடனே கவனிக்கணும். எழுதினியா?"

"விசிலடிச்சா... கவனிக்கணும்." பெய்சென் எழுதினார். தலைநிமிராமல், படிவம் நிரப்பும் குரலிலேயே கேட்டார்: "உத்தரவாதம் எத்தனை வருஷம்?"

"உத்தரவாதம் கிடையாது. போச்சுன்னா வேற தரமாட்டாங்க."

மூலையில் மஞ்சள் சட்டைச் சிறுமி ஒரு களிமண் பெட்டி செய்து, அதற்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி படுத்திருந்தான். அவன் மூச்சு எங்களுக்குக் கேட்டது.

பெய்சென் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு பீரங்கியை எடுத்துக்கொண்டு போனார். ஒன்றை விட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து 'ஒட்டகக்குட்டி'யில் பதினோரு டிகிரி இருந்தது. எடுத்துப்போன பீரங்கி கிடங்கில் இருந்தது. சிறுமியின் தம்பி பிப்ரவரி முழுவதும் மருத்துவமனையில் இருந்தான். பிறகு வீடு திரும்பினான். அக்லிமா அபாய்க்கு அனுமதியின்றி அரசுச் சொத்தை அகற்றியதற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மார்ச்சில் 'மழலையர் நலனில் முன்மாதிரி நகரம்' என்ற மாகாணப் பட்டயம் அகிமுக்குக் கிடைத்தது. சப்வூஃபர் நல்ல நிலையில் இருக்கிறது.

மூன்றாம் குடியிருப்பின் குழாய் ஏப்ரல் 2 அன்று சரிசெய்யப்பட்டது. அன்று வெளியே வெப்பநிலை பதினோரு டிகிரி.